டார்ட்டன் துணியின் இழைக்கணக்கு

வாளைத் தடைசெய்த அரசுகளை வரலாற்றிலே கண்டிருக்கிறோம். நூலைத் தடைசெய்த அரசுகளையும் கண்டிருக்கிறோம். ஆயின், மனிதன் இடுப்பில் உடுத்துவதையும் தோளில் போர்ப்பதையும் சட்டம் இயற்றித் தடைசெய்த அரசு ஒன்று உண்டென்றால் அது சற்று வியப்பாகவே இருக்கும். 1746ஆம் ஆண்டிலே பிரித்தானியப் பாராளுமன்றம் அத்தகைய சட்டமொன்றை நிறைவேற்றியது. ஸ்கொத்லாந்தின் வடக்கிலும் மேற்கிலும் உள்ள மலைநாட்டு ஆண்கள் தங்கள் பழைய உடையை உடுத்தலாகாது. டார்ட்டன் என்னும் கட்டத் துணியால் மேலங்கி தைத்து அணியலாகாது. முதன்முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை. மீண்டும் பிடிபட்டால் ஏழாண்டுக்கு நாடுகடத்தல்.

இன்று அதே துணி உலகெங்கும் விற்பனையாகின்றது. அரசர் உடுத்துகின்றனர், பாடசாலைச் சிறுமியர் உடுத்துகின்றனர், தகரப் பெட்டியில் அடைத்த இனிப்புப் பண்டத்தின் மேலுறையிலும் அது அச்சிடப்பட்டிருக்கின்றது. தண்டனைக்குரியதாயிருந்த ஒன்று எவ்வாறு தேசச் சின்னமாயிற்று? குலத்துக்கொரு டார்ட்டன், தொன்றுதொட்டு வந்தது என்று சொல்கிறார்களே, அதில் உண்மை எவ்வளவு? இவ்வினாக்களை ஆராய்வதற்கு முன், அத்துணி எவ்வாறு ஆக்கப்படுகின்றது என்பதை அறிந்துகொள்ளல் வேண்டும். அதன் வரலாறு அதன் இழைகளிலேயே பின்னிக் கிடக்கின்றது.

டார்ட்டன் என்பது கட்டம் போட்ட கம்பளித் துணி. ஆயினும் கட்டம் போட்ட துணியெல்லாம் டார்ட்டன் ஆகிவிடாது. நாம் உடுத்தும் சாரத்திலும் கட்டம் உண்டு. ஆனால் சாரத்திலே பாவின் நிறவரிசை ஒன்றாகவும் ஊடையின் நிறவரிசை வேறொன்றாகவும் இருத்தல் கூடும். டார்ட்டனிலே வழக்கமாக இரண்டும் ஒன்றே. நெடுக்கே ஓடும் பாவிலே எந்த நிறம், எத்தனை இழை, எந்த வரிசையில் வருகின்றதோ, அதே நிறம், அதே எண், அதே வரிசை குறுக்கே ஓடும் ஊடையிலும் வரும். இந்த வரிசைக்குச் 'செட்' என்று பெயர். ஒரு டார்ட்டனை இன்னொன்றிலிருந்து வேறுபடுத்துவது இந்தச் செட்டே.

இன்னொரு சிறப்பும் உண்டு. தமிழிலே மாலைமாற்று என்றொரு செய்யுள் வகை இருப்பதை நேயர்கள் அறிவீர்கள். முதலிலிருந்து படித்தாலும் கடைசியிலிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும். பெரும்பாலான டார்ட்டன்களின் அமைப்பும் இத்தகையதே. நிறவரிசை ஓரெல்லை வரை சென்று, அங்கே திரும்பி, வந்த வழியே மீளும். எடுத்துக்காட்டாக ஒன்றை நாமே அமைத்துப் பார்ப்போம். நீலம் 24 இழை, கறுப்பு 24, பச்சை 24, வெள்ளை 4. வெள்ளையில் வரிசை திரும்புகின்றது. மறுபடியும் பச்சை 24, கறுப்பு 24. பின்னர் நீலத்தை அடைகின்றது. அங்கே மீண்டும் திரும்புகின்றது. நீலமும் வெள்ளையும் திருப்புமுனைகள். இவ்வாறு ஒரு முழுச் சுற்றுக்கு 124 இழைகள். நெசவாளி மனத்தில் கொள்ள வேண்டியவை நான்கு நிறமும் நான்கு எண்ணுமே. அவற்றைக் கொண்டு எத்தனை முழத் துணியையும் நெய்துவிடலாம்.

இனி, நிறங்கள் கலக்கும் விதத்தைப் பார்ப்போம். டார்ட்டன் பெரும்பாலும் சாய்வரி நெசவாக நெய்யப்படும். ஊடை நூல் பாவின் இரண்டு இழைகளுக்கு மேலாகவும் அடுத்த இரண்டு இழைகளுக்குக் கீழாகவும் செல்லும். அடுத்த ஊடை ஓர் இழை தள்ளித் தொடங்கும். இதனால் துணியின் மேல் மூலைவாட்டில் மெல்லிய வரிகள் தோன்றும். நீலப் பாவை நீல ஊடை கடக்கும் இடத்தில் தூய நீலம் கிடைக்கும். நீலப் பாவைப் பச்சை ஊடை கடக்கும் இடத்திலோ நீலமும் பச்சையும் பாதிக்குப் பாதி சாய்வரிகளாக அமையும். அருகே நின்று பார்த்தால் வரிகள் தெரியும். சில அடி தள்ளி நின்றால் கண் அவற்றைக் கலந்து மூன்றாம் நிறமாகக் காணும். இரண்டு நிற நூலிலிருந்து மூன்று நிறத் தோற்றம் பெறலாம். நான்கு நிற நூலிலிருந்து தூய நிறம் நான்கும் கலப்பு நிறம் ஆறுமாகப் பத்துப் பெறலாம். ஆறு நிற நூல் கொண்டால் 21 தோற்றங்கள். நிறம் பெருகப் பெருகக் கலப்பும் பெருகி, கட்டத்தின் தெளிவு குன்றும். றோப் றோய் மக்கிரெகரின் பெயரால் வழங்கும் டார்ட்டன் சிவப்பும் கறுப்பும் மட்டுமே கொண்ட ஒரே அளவுக் கட்டங்களாகும். தூரத்தில் நிற்போர் கண்ணையும் அது உடனே ஈர்த்துவிடுவதற்கு இந்த எளிமையே காரணம்.

நூலுக்கு நிறம் எங்கிருந்து வந்தது? பழங்காலத்து மலைநாட்டுப் பெண்கள் சாயத்தைத் தம் சுற்றாடலிலேயே தேடினர். பாறையிற் படரும் கற்பாசியைச் சுரண்டி எடுத்துக் கம்பளியோடு கொதிக்க வைத்துச் செம்பழுப்பு நிறத்தைப் பெற்றனர். ஓல்டர் என்னும் மரத்தின் பட்டை கருமை தந்தது. நீலத்துக்கு வோட் என்னும் செடியின் இலை உதவியது; பின்னர் வணிகர் கொணர்ந்த அவுரி நீலமும் சேர்ந்தது. பச்சை தனிச் சாயமன்று. நீலத்தில் தோய்த்த நூலை மஞ்சளிலும் தோய்த்து எடுப்பதே பச்சை. சாயம் நூலில் நிலைத்து நிற்பதற்குப் படிகாரம் பயன்பட்டது. கடுஞ்சிவப்பு வேண்டுமாயின் மெக்சிக்கோவிலிருந்து வந்த கொச்சினீல் என்னும் பூச்சிச் சாயத்தை விலைகொடுத்து வாங்க வேண்டும். எனவே ஒளிவீசும் சிவப்பு டார்ட்டன் உடுத்தியவன் செல்வன் என்பதை ஊரார் அறிவர்.

இங்கே ஒன்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். இலையும் பட்டையும் தரும் நிறம் பருவத்துக்குப் பருவம் மாறும். தண்ணீருக்குத் தண்ணீர் மாறும். ஒரு கொப்பரையில் தோய்ந்த பச்சை, அடுத்த கொப்பரையில் வேறு பச்சையாகும். ஆகவே டார்ட்டனிலே நிறம் நெகிழ்ந்து கொடுப்பது, எண் நெகிழாதது. இன்றும் ஒரே செட்டை அடர்ந்த நிறத்திலும் வெளிறிய நிறத்திலும் நெய்து விற்கின்றனர். நிறம் மங்கினாலும், இழை எண்ணும் வரிசையும் பிறழாதிருக்கும் வரை அது அதே டார்ட்டன்தான்.

இத்துணியின் தொன்மையை இனி நோக்குவோம். போல்கேர்க் என்னும் ஊரில் 1933ஆம் ஆண்டிலே, உரோமர் காலத்து மட்கலம் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அதனுள்ளே ஏறத்தாழ 2000 வெள்ளிக் காசுகள். கலத்தின் வாயை அடைத்திருந்தது ஒரு கந்தைத் துணி. சாயமிடாத கம்பளியின் இயற்கையான வெண்மையும் கபிலமும் கொண்டு நெய்த எளிய கட்டத் துணி அது. கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. காசுக்காகப் புதைத்த கலத்திலே கந்தை அழியாது கிடைத்தது. இன்று காசுகளைவிடக் கந்தையின் புகழே பெரிது.

பல நிறச் சாயமிட்ட டார்ட்டனுக்கும் பழைய சான்று உண்டு. கிளென் அப்ரிக் என்னும் பள்ளத்தாக்கிலே, நீர் தேங்கிய கரிச் சேற்று நிலத்தினுள் புதைந்து கிடந்த துண்டொன்று 1980ஆம் ஆண்டளவில் வெளிப்பட்டது. காற்றுப் புகாத சேறு கம்பளியை அழியாது காத்திருந்தது. அண்மைக் காலத்தில் அதனைக் கரிமக் கணிப்புக்கும் சாய ஆய்வுக்கும் உட்படுத்தினர். பெரும்பாலும் 1500க்கும் 1600க்கும் இடையே நெய்யப்பட்டதென்பது புலனாயிற்று. பச்சை, கபிலம், சிவப்பு, மஞ்சள் ஆகிய நிறங்கள் அதில் இருந்தன. பச்சை இழையிலே வோட் அல்லது அவுரியின் நீலம் கலந்திருந்தது. செயற்கைச் சாயம் எதுவும் இல்லை. 2023ஆம் ஆண்டிலே டண்டி நகரின் அருங்காட்சியகத்தில் அத்துண்டு மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அதே நூற்றாண்டிலே, 1538ஆம் ஆண்டில், ஸ்கொத்லாந்து அரசன் ஐந்தாம் ஜேம்ஸுக்கு மலைநாட்டு டார்ட்டன் வாங்கிய செலவு அரண்மனைக் கணக்கிலே பதிவாகியுள்ளது.

ஆகவே துணி பழையதென்பதில் ஐயமில்லை. குலத்துக்கொரு துணி என்பதுதான் ஐயத்துக்குரியது.

ஸ்கை தீவிற் பிறந்த மார்ட்டின் மார்ட்டின் என்பவர் மேற்குத் தீவுகளைப் பற்றி எழுதிய நூல் 1703ஆம் ஆண்டிலே வெளிவந்தது. அங்குள்ள பெண்கள் டார்ட்டனின் ஒவ்வொரு பட்டைக்கும் உரிய இழை எண்ணை ஒரு மரத்துண்டின்மேல் குறித்து வைத்துக்கொள்வர் என்று அவர் எழுதினார். ஏடும் எழுத்தும் அறியாத கைகளின் கணக்கேடு அந்த மரத்துண்டு. மேலும், இடத்துக்கிடம் துணியின் அமைப்பு வேறுபடும். ஒருவன் உடுத்திய துணியைப் பார்த்தே அவன் எவ்விடத்தான் என்று சொல்லலாம் என்றும் அவர் குறித்தார். இடத்தைச் சொன்னாரேயன்றிக் குலத்தைச் சொல்லவில்லை என்பதை நாம் மறத்தலாகாது. ஒரு வட்டாரத்தில் ஒரு நெசவாளியும் ஒரு சாயக் கொப்பரையும் இருந்தால் அவ்வட்டாரத்தார் ஒத்த துணி உடுத்துவது இயல்பு. ஒரு வட்டாரத்தில் ஒரு குலமே மிகுந்திருந்தால் அது குலத்துணி போலவும் தோன்றும்.

ஸ்ட்ரத்ஸ்பே என்னும் பெயரை நம் மலைநாட்டு நேயர்கள் தேயிலைத் தோட்டத்தின் பெயராக அறிவர். அப்பெயருக்குரிய மூலப் பள்ளத்தாக்கு கிராண்ட் குலத்தாரின் நாடு. 1704ஆம் ஆண்டிலே அக்குலத்தலைவர் தம் குடிகள் சிவப்பும் பச்சையும் கலந்த டார்ட்டன் உடை வைத்திருக்க வேண்டுமென்று கட்டளையிட்டார். ஆகவே ஒரே சீரான உடை என்னும் எண்ணம் அன்றும் இல்லாமலில்லை. ஆயினும் சில ஆண்டுகளின் பின் அதே கிராண்ட் குடும்பத்தார் எழுதுவித்த ஓவியங்களைப் பார்த்தால், ஆளுக்கொரு டார்ட்டன் காணப்படுகின்றது. அண்ணன் தம்பியரும் ஒத்த துணி உடுத்தவில்லை.

1746ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் கலொடன் என்னும் வெளியிலே பெரும்போர் நிகழ்ந்தது. அரசிழந்த ஸ்டூவர்ட் மரபினனான சார்ள்ஸ் எட்வர்ட் இளவரசனுக்காகப் போர்புரிந்த மலைநாட்டார் ஒரு மணி நேரத்துக்குள் சிதறடிக்கப்பட்டனர். அப்போரை டேவிட் மோரியர் என்னும் ஓவியர் தீட்டினார். அவ்வோவியத்தில் முன்னிற்கும் மலைநாட்டார் எண்மர். அவர்கள் உடம்பிலே இருபதுக்கு மேற்பட்ட வெவ்வேறு டார்ட்டன்கள். ஒருவனுடைய சட்டை ஒன்று, இடையுடை இன்னொன்று, காலுறை வேறொன்று. போர்க்களத்திலே தம்மவரை அறிவதற்கு அவர்கள் துணியின் கட்டத்தை நம்பவில்லை. தொப்பியில் செருகிய வெண்ணாடா முடிச்சே அடையாளமாயிற்று.

போருக்குப் பின்னரே, தொடக்கத்தில் நாம் கூறிய தடைச்சட்டம் வந்தது. துணியை நெய்வதை அது தடுக்கவில்லை. பெண்கள் உடுத்துவதையும் தடுக்கவில்லை. அது குறிவைத்தது ஆண்களின் உடையை. தலைவன் அழைத்தவுடன் ஆயுதம் ஏந்திப் புறப்படும் வாழ்க்கை முறையை வேரறுக்கும் நோக்கில், ஆயுதத்தோடு உடையையும் சேர்த்தே அரசு பறித்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரு தலைமுறை அவ்வுடையின்றி வளர்ந்தது. 1782ஆம் ஆண்டிலே தடை நீங்கியபோது, பழைய வழக்கை நினைவில் வைத்திருந்தோர் முதியோரே.

ஆனால் அச்சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. அரசனின் படையிற் சேர்ந்த மலைநாட்டான் டார்ட்டன் உடுத்தலாம்! 1725ஆம் ஆண்டிலே மலைநாட்டைக் காவல் காப்பதற்கென அமைத்த படைப்பிரிவுகள் 1739இல் ஒரே படையாக ஆக்கப்பட்டன. கருநீலம், கறுப்பு, கரும்பச்சை ஆகியன கொண்ட இருண்ட டார்ட்டன் அவர்களுக்கு உரியதாயிற்று. கரும் காவலர் என்று அவர்களை அழைத்தனர். பின்னர் எழுந்த படைகள் அதே துணியின்மேல் வெள்ளையாகவோ சிவப்பாகவோ மஞ்சளாகவோ மெல்லிய கோடுகளைச் சேர்த்துத் தம்மை வேறுபடுத்திக் கொண்டன. மக்லியோட் பிரபு 1778இல் திரட்டிய படை, வெள்ளைக் கோடும் சிவப்புக் கோடும் சேர்த்த டார்ட்டனைத் தனதாக்கிற்று.

அப்படைக்கும் தமிழ் மண்ணுக்கும் தொடர்புண்டு. 1780ஆம் ஆண்டிலே அது சென்னையில் வந்திறங்கியது. அவ்வாண்டு செப்டெம்பர் 10ஆம் நாள், காஞ்சிபுரத்துக்கு அண்மையிலுள்ள பொள்ளிலூரிலே ஹைதர் அலியின் படையும் திப்புவின் படையும் ஆங்கிலேயக் கம்பனியின் படையொன்றை முறியடித்தன. மக்லியோட் படையின் இரு பிரிவினர் அங்கே அழிந்தனர். எஞ்சியோர் சிறைப்பட்டுச் சீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவ்வாண்டிலே தடைச்சட்டம் இன்னும் நீங்கவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள். அரசனுக்காகக் கடல் கடந்து மடிய வந்த அண்ணனுக்கு டார்ட்டன் சீருடை. ஊரில் ஆடு மேய்த்து நின்ற தம்பிக்கு அது குற்றம். துணி ஒன்றுதான். அதை உடுத்தும் உரிமை மட்டும் உயிரை விலையாகக் கேட்டது.

படைகளுக்குத் துணி வேண்டும்; ஒரே சீராக வேண்டும்; ஆயிரக்கணக்கான முழம் வேண்டும். வீட்டுத் தறி அதற்குப் போதாது. பனொக்பேண் என்னும் ஊரிலே வில்சன் குடும்பத்தார் நடத்திய நெசவுக்கூடம் அத்தேவையை நிறைவுசெய்து பெருகியது. செட்டுகளையும் நிறங்களையும் இழை எண்களையும் அவர்கள் ஏட்டில் எழுதிவைத்தனர். 1819ஆம் ஆண்டின் ஏடு இன்றும் ஆராய்ச்சியாளருக்குப் பெருந்துணை. பெண்களின் மரத்துண்டு வகித்த இடத்தை வணிகரின் கணக்கேடு பெற்றது. அவ்வேட்டிலே சில டார்ட்டன்களுக்கு எண்ணே பெயர், சிலவற்றுக்கு ஊர்ப்பெயர், சிலவற்றுக்குக் குலப்பெயர். எண்ணாக இருந்தது சில காலத்தின் பின் குலப்பெயர் பெறுவதும் உண்டு.

இதற்கிடையில், 1778ஆம் ஆண்டிலே தொடங்கிய இலண்டன் மலைநாட்டுச் சங்கம், 1815ஆம் ஆண்டிலே குலத்தலைவர்களுக்குக் கடிதம் எழுதியது. தத்தம் குலத்துக்குரிய டார்ட்டனின் மாதிரியை முத்திரையிட்டு அனுப்புமாறு வேண்டியது. பலர் அனுப்பினர். ஆயின் தம் குலத்தின் டார்ட்டன் யாதென்பது தமக்கே தெரியாதென்று எழுதிய தலைவரும் இருந்தனர். தொன்றுதொட்டு வந்த வழக்காயின் தலைவன் அறியாதிருப்பானோ?

1822ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே நான்காம் ஜோர்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தார். ஆட்சியிலுள்ள அரசர் ஒருவர் அந்நாட்டை மிதித்து 170 ஆண்டுகள் கடந்திருந்தன. வரவேற்பை ஒழுங்கு செய்தவர் நாவலாசிரியர் சேர் வால்டர் ஸ்கொட். தலைவர்களும் கனவான்களும் தம் டார்ட்டன் அணிந்து வரவேண்டும் என்பது அவர் விருப்பம். மன்னரும் சிவப்பு டார்ட்டன் அணிந்து காட்சியளித்தார். தேவை பெருகியது, வில்சன் கூடத்தின் தறிகள் ஓயாது இயங்கின. தன் குலத்துக்கு டார்ட்டன் இல்லையென்று கூற எவருக்கு மனம் வரும்? கேட்டவருக்கு ஒன்று கிடைத்தது.

இவ்விழாவின் மறுபக்கத்தையும் வரலாறு காட்ட வேண்டும். 1814ஆம் ஆண்டிலும் 1819ஆம் ஆண்டிலும் சதர்லாந்துப் பகுதியின் ஸ்ட்ரத்நேவர் பள்ளத்தாக்கிலிருந்து குடிகள் வெளியேற்றப்பட்டனர். நிலம் செம்மறி வளர்ப்போருக்கு வேண்டியிருந்தது. வீடுகளின் கூரைக்குத் தீ வைக்கப்பட்டது. மக்கள் கடற்கரைக்கும் கப்பலுக்கும் துரத்தப்பட்டனர். எடின்பரோவிலே டார்ட்டன் வீதியுலா வந்த காலத்தில், அதனை நெய்தும் உடுத்தும் வாழ்ந்தவரின் சந்ததியார் பலர் தம் மண்ணை இழந்து நின்றனர். மக்களை அகற்றிய பின்னர் அவர்கள் உடையைப் போற்றுவது எளிது. இது ஸ்கொத்லாந்துக்கு மட்டும் உரிய கதையன்று.

அதன்பின் புத்தகங்கள் வந்தன. 1831ஆம் ஆண்டிலே ஜேம்ஸ் லோகன் என்பவர் பல செட்டுகளின் பட்டை அளவுகளை அச்சிட்டார். 1842ஆம் ஆண்டிலே, தம்மை ஸ்டூவர்ட் இளவரசனின் பேரர் என்று சொல்லிக்கொண்ட சகோதரர் இருவர், பழைய ஏட்டுச் சுவடி ஒன்றிலிருந்து எடுத்ததாகக் கூறி 75 டார்ட்டன்களைக் கொண்ட பெருநூலை வெளியிட்டனர். அந்தச் சுவடி போலியென்று பின்னர் ஆராய்ச்சியாளர் நிறுவினர். விந்தை யாதெனின், அந்நூலின் டார்ட்டன்கள் பல இன்றும் குலத்துணிகளாக உடுத்தப்படுகின்றன. பத்தாண்டுகளின் பின் விக்டோரியா மகாராணியார் பல்மோரல் மாளிகையைத் தமதாக்கினார். அவருடைய கணவர் அல்பேட் இளவரசர் சாம்பல் நிறம் மேலோங்கிய டார்ட்டன் ஒன்றைத் தாமே வகுத்தார். 1856ஆம் ஆண்டிலே பேர்க்கின் கண்ட செயற்கைச் சாயத்தைத் தொடர்ந்து, கற்பாசியும் மரப்பட்டையும் தந்த மென்னிறங்கள் பின்வாங்கின. கடும் நிறங்கள் தறியேறின.

1983ஆம் ஆண்டிலே ட்ரெவர்-றோப்பர் என்னும் ஆங்கில வரலாற்றாசிரியர், மலைநாட்டு மரபென்று சொல்லப்படுவதிற் பெரும்பகுதி பிற்காலத்துப் புனைவே என்று கட்டுரை எழுதினார். ஸ்கொத்லாந்தார் பலர் சினந்தனர். அவர் கூற்றில் உண்மை பெரிதும் உண்டு. ஆயின் முழு உண்மையன்று. குலத்துக்கொரு டார்ட்டன் என்னும் ஒழுங்கு படையாலும் வணிகத்தாலும் விழாவாலும் வந்தது என்பது உண்மை. கிளென் அப்ரிக் சேற்றிலே கிடந்த துண்டு எவராலும் புனையப்பட்டதன்று என்பதும் உண்மை.

இன்று ஸ்கொத்லாந்திலே டார்ட்டனுக்கு அரச பதிவேடு உண்டு. 2008ஆம் ஆண்டின் சட்டத்தின்படி 2009ஆம் ஆண்டிலே அது தொடங்கப்பட்டது. புதிய டார்ட்டன் வகுப்போர் எவராயினும் அதிற் பதியலாம். குலமாக இருக்க வேண்டுமென்பதில்லை. நகரமும் கழகமும் நிறுவனமும் பதிகின்றன. பதிவின் உயிர்நாடி யாது? நிறங்களின் பெயரும் இழைகளின் எண்ணும். ஒரு காலத்தில் உடுத்தியவனைச் சிறைக்கு அனுப்பிய நாடு, இப்போது அதன் இழைகளை எண்ணிப் பாதுகாக்கின்றது.

நேயர்களே, ஒரு மரபு நாம் நினைத்த அளவு பழையதன்று என்று அறியும்போது மனம் வருந்துவது இயல்பு. ஆனால் வரலாறு மரபைப் பறிப்பதில்லை. அதற்குரிய உண்மையான உரிமையாளரைக் காட்டுகின்றது. டார்ட்டனின் மூல உரிமையாளர் சுவடி புனைந்த சகோதரருமல்லர், விழா எடுத்த கனவான்களுமல்லர். கற்பாசி சுரண்டி, நூல் நூற்று, மரத்துண்டிலே இழைக்கணக்கைக் குறித்து வைத்த பெயரறியாப் பெண்களே அவர்கள். தலைவர்கள் தம் துணியை மறந்திருந்தனர். அப்பெண்களோ ஓரிழை கூடாமலும் குறையாமலும் எண்ணியிருந்தனர்.